என் வீட்டுக் குழாயைப் போய்ப் பாரு

தண்ணித் தாத்தா போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆன ஒரு வியாழக்கிழமை, அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் அடியோடு நின்றுபோனது. எனக்கு அது தெரியாது. பட்டன் கட்டக் கொடுத்திருந்த பதினாறு சட்டைகள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்தக் கடுப்பில்தான் மெஷினை விட்டு எழுந்து தெருவைத் தாண்டிப் போனேன்.

என் தையல்கடைக்கு நேர் எதிர்வீடு. நாற்பது வருஷமாக நான் தலையை நிமிர்த்தினால் கண்ணில் படுவது அந்த வீட்டு நீலக் கதவுதான். என் கடைக்குக் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, கால்சட்டை அடி மடித்துத் தைப்பது எல்லாம் தாத்தாவின் மருமகள். அதிகம் பேசமாட்டாள். பட்டன் டப்பாவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தே எது எந்த அளவு, எது எந்தச் சட்டைக்கு என்று சொல்லிவிடுவாள். என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். சொந்தமெல்லாம் ஒன்றும் கிடையாது, கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த முறை.

நான் வாசலில் போய் நின்றபோது அவள் தெருமுனைப் பொதுக்குழாயிலிருந்து இடது இடுப்பில் குடமும் வலது கையில் அரை வாளித் தண்ணீருமாக வந்துகொண்டிருந்தாள். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. காற்று இரண்டு நாளாகவே பைத்தியம் பிடித்ததுபோல் புழுதியை அள்ளி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு வலது தோள் நாலைந்து வருஷமாகவே சரியில்லை. கை காதுக்கு மேலே போகாது. தலை வாருவதுகூட இடது கையால்தான்.

"சட்டை எங்கம்மா?"

"மதியம் தரேண்ணே. குழாய் நின்னுபோச்சு. காலையில இருந்து இது ஒம்பதாவது நடை."

"நிக்கிறதுக்கு அது என்னைக்கு ஓடுச்சு?"

"ஓடலதான். நூல் மாதிரியாவது வரும்ல. அதுவும் இல்ல இப்ப. அவரோடயே அதுவும் கிளம்பிடுச்சு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அழுகையும் அவளுக்கு வந்ததில்லை. தாத்தா இறந்த அன்று தெருவே அழுதபோதும் வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். காலை ஆறு மணிக்குத் திறந்தால் ஏழரைக்கு மூடிவிடுவார்கள். எங்கள் பள்ளத் தெருவுக்கும் அதைத் தாண்டி ஏறுகிற மேட்டுத் தெருவுக்கும் முப்பத்தைந்து வருஷம் தண்ணீர் திறந்துவிட்டவர் தாத்தா. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருப்பார். தெருவில் இருக்கும் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருப்புவார். பிறகு சாவியின் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். "மேட்டுக்கு ஏறிடுச்சு," என்பார். அவர் சொன்னால் ஏறியிருக்கும். பள்ளத்தில் இருக்கிற எங்களுக்கு இரண்டு சுற்று கூட்டிவிட்டால் போதும், மேட்டுத் தெரு காய்ந்துவிடும். ஒரு நாள்கூட அவர் கூட்டியதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒழுகுகிற குழாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் உட்காருவார். என் கடைக்கு வந்தாலும் முதலில் பின்பக்கக் குழாயைப் பார்த்துவிட்டு வந்துதான், "என்னப்பா, ஊசி எப்படி ஓடுது," என்று கேட்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மட்டும் குழாய் நூல்போல ஒழுகும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். பழைய குழாய், உள்ளே துரு என்று சொன்னார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு வீட்டுப் பின்பக்கம் போய், சுவரோரம் இருக்கும் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். மருமகள் பக்கத்தில் நின்று, "இனிமே நல்லா வருமா மாமா," என்று கேட்பாள். "பாக்கலாம்மா," என்பார். நூல் நூலாகவே இருக்கும். அவர் மகன் பஸ் டிரைவர். ஒருமுறை பிளம்பரைக் கூட்டிவந்து குழாயையே மாற்றிவிடலாம் என்றார். "தெருவையே தோண்டணும், வேண்டாம்," என்று தாத்தா அந்த ஆளை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். "என் குழாயில பிடிச்சுக்கட்டுமே," என்று நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். "தண்ணி திறக்கிறவன் வீட்டு ஆளு இன்னொருத்தன் வீட்டுக் குழாயில குடம் வைக்கக் கூடாதுப்பா," என்றுவிட்டார். ஆகவே மருமகள் தெருமுனைக்குத்தான் நடந்தாள். அவருக்கு உடம்பில் தெம்பு இருந்தவரை அவளுக்கு இரண்டு நடை என்றால் அவரும் ஒரு நடை நடந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மருமகளின் மகள், தாத்தாவின் பேத்தி, என் கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் ஊழியர் சங்க அறையில் தாத்தாவுக்கு நினைவுக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. இரண்டு தெருக்காரர்களும் வருகிறார்கள். அவர் வாழ்க்கையைப் பற்றிப் பேத்தி பேச வேண்டும். அவளால் நாலு வரி எழுத முடியவில்லை. உட்காரடி என்றாலும் உட்காராமல் மெஷினுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டாலும் நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னே சொல்றாங்க டெய்லர் மாமா. நல்ல மனுஷன்னு ஒரே வரிதான் வருது. அத வச்சு எப்படிப் பத்து நிமிஷம் பேசுறது?"

"நல்ல மனுஷன்னா நல்ல மனுஷன்னுதான சொல்ல முடியும். இதுக்கு ஏண்டி தறியில நாடா ஓடுற மாதிரி ஓடுற?"

"எங்கிட்ட கேரம் ஆடும்போது திருடுவாரு தெரியுமா? நான் தண்ணி குடிக்கத் திரும்பினா ரெண்டு காயின உள்ள தள்ளிடுவாரு. கேட்டா, காத்துல விழுந்துச்சும்பாரு. அத எழுதலாமா?"

"எழுதேன். சிரிப்பாங்க."

"அப்பா கூடாதுங்கிறாரு. திருடுனாருன்னு மேடையில சொல்லுவியான்னு திட்டுறாரு."

அவள் நடந்துகொண்டே இருந்தாள். சட்டென்று நின்று, "கடைசி வாரம் அவருக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல," என்றாள். "ராத்திரி பகல் தெரியாம எழுந்து எழுந்து பின்பக்கம் போகப் பாத்தாரு. ஸ்பானரக் கொடு, குழாயக் கழட்டணும், இதே பேச்சு. எழுந்தா விழுந்துடுவாரு. அம்மா ஸ்பானர எடுத்து ஒளிச்சு வச்சிட்டாங்க. அப்புறமும் விடல. வெறுங்கையில சுவரத் தடவிக்கிட்டே இருந்தாரு. வேலை பாத்த மனுஷன், கை சும்மா இருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு."

அந்த நேரம் பார்த்து மளிகைக்காரர் வந்தார். மேட்டுத் தெருவில் கடை வைத்திருப்பவர், கூட்டத்துக்குத் தலைமை அவர்தான். இடுப்பு பெருத்துக்கொண்டே போவதால் மாதம் ஒரு கால்சட்டையோடு என்னிடம் வந்துவிடுவார். பேத்தி கையில் காகிதத்தைப் பார்த்ததும், "எழுதிட்டியா? குழாய்க் கதைய மட்டும் நீ எடுத்துடாதம்மா, அது என்னோடது," என்றார்.

"அதச் சொல்லுங்க மாமா. அரைகுறையாத்தான் எனக்குத் தெரியும்."

அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷம் முன்னாடி ஒரு கோடை. எங்களுக்கு எட்டு நாளா தண்ணி ஏறல. தொட்டியிலயே இல்ல, அவரு என்ன பண்ணுவாரு? எங்களுக்கு அது தெரியல. முப்பது பேரு காலிக் குடத்தோட வந்து உங்க வீட்டு முன்னாடி நின்னோம். உன் வீட்டுக்கு மட்டும் ஊத்திக்கிட்டு எங்களக் காயப் போடுறியான்னு கேட்டோம். யாரோ ஒருத்தன் குடத்த விட்டெறிஞ்சான். நெத்தியில பட்டு மூணு தையல். பேசாம உள்ள போயிட்டாரு. நாலு நாள் கழிச்சு மறுபடி போனோம். தலையில கட்டோட வெளிய வந்து, என் வீட்டுக் குழாயைப் போய்ப் பாருன்னாரு. ஒரே வார்த்தை. உள்ள போனோம். குழாயில நூல் மாதிரி ஒழுகுது. உங்கம்மா நிறைமாசம், அதுக்குக் கீழ குடத்த வச்சிட்டு உக்காந்திருக்கு. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல ஆயிடுச்சு எங்களுக்கு. அதுக்கப்புறம் யாரு தண்ணி வரலன்னு சண்டைக்குப் போனாலும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். என் வீட்டுக் குழாயைப் போய்ப் பாரு. போய்ப் பாத்தவன் வாய மூடிக்கிட்டு வந்துடுவான்."

"அந்த வயித்துல இருந்தது நான்தான்," என்று பேத்தி சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதன்முறையாக உட்கார்ந்து இரண்டு வரி எழுதினாள்.

சனிக்கிழமை காலையிலும் அந்தக் குழாயில் சொட்டு வரவில்லை. எல்லார் வீட்டிலும் வந்தது. தாத்தா ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருஷமாக வால்வு திறக்கிறவனுக்கு எங்கள் தெருவில் விசில் என்று பெயர், எந்நேரமும் வாய் விசிலடித்துக்கொண்டே இருக்கும். ஏழரைக்கு வால்வை மூடிவிட்டு நேராக வந்துவிட்டான். தாத்தா வீடு என்றால் அவனுக்கு ஒரு மரியாதை. பஸ் டிரைவருக்கு அன்று ஷிஃப்ட் இல்லை, அவரும் இருந்தார். நான் இன்னும் வந்து சேராத சட்டைகளை வாங்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். சும்மா இருக்கிற கால் அப்படித்தான்.

பின்பக்கம் ஒரு ஆள் அகலச் சந்து. துணி துவைக்கிற கல், இரண்டு பிளாஸ்டிக் டிரம், சுவரோரம் முழங்கால் உயரத்தில் இணைப்பு. விசில் குந்தி உட்கார்ந்து தன் ஸ்பானரைப் போட்டுப் பார்த்தான்.

"என்னோடது சின்னதா இருக்குக்கா. தாத்தாவோடது ஒண்ணு இருக்குமே, பெருசு."

மருமகள் உள்ளே போய் அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஸ்பானரை எடுத்து வந்தாள். அதில் ஒட்டியிருந்த அரிசியைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

நட்டு எளிதாகக் கழன்றது. "துருவே இல்லியே," என்றான் விசில். "மாசாமாசம் கழட்டி மாட்டின நட்டு மாதிரி இருக்கு." குழாயை விலக்கி உள்ளே விரலை விட்டான். அவன் விசிலடிப்பது நின்றது. எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தான். சேறுபோல அழுக்கு. அதற்குள் வட்டமாக ஒரு சாமான்.

"வாஷரா?" என்று டிரைவர் கேட்டார்.

"வாஷர்னா நடுவுல பெரிய ஓட்டையா இருக்கும்ணே. இதுல நாலு சின்ன ஓட்டை. அதுலயும் அழுக்கு அடைச்சுக்கிச்சு, அதான் சுத்தமா நின்னிருக்கு." அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தான். "இது சட்டைப் பட்டன் மாதிரில்ல இருக்கு."

மருமகள் கையை நீட்டினாள். கட்டைவிரலால் ஒருமுறைதான் தடவினாள்.

"சட்டைப் பட்டன் இல்ல. கோட்டுப் பட்டன்," என்றாள். "விளிம்புல வரி போட்டிருக்கும். நம்ம கடை டப்பாவுல அடியில இதே மாதிரி மூணு கிடக்கு." என்னைப் பார்த்தாள். "அண்ணே?"

மறந்தே போயிருந்தேன். சத்தியமாக மறந்துபோயிருந்தேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன் தலையில் கட்டோடு கடை வாசலில் வந்து நின்றார். பெரிய பட்டனாக ஒன்று கொடு, கெட்டியாக இருக்கணும், நாலு கண் இருக்கணும் என்றார். யாருக்குக் கோட்டுத் தைக்கிறீங்க என்று நான் கேலி செய்தேன். "வீட்டுக்குத்தான்ப்பா," என்றார். ஒரு பட்டன் யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று எந்தத் தையல்காரன் யோசிப்பான். காசு வேண்டாம் என்று கொடுத்து அனுப்பினேன்.

அதை அப்படியே அங்கே சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"தானா வந்து விழுந்திருக்காதா?" என்றார் டிரைவர்.

"எப்படிண்ணே விழும்?" என்றான் விசில். "அளவா உக்கார வச்சிருக்காரு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கழட்டி, ஓட்டைய மட்டும் குத்திவிட்டு மறுபடி வச்சிருப்பாரு. இல்லன்னா எப்பவோ அடைச்சிருக்கும்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. "நான் மாட்டிட்டுக் கிளம்பறேன்க்கா. திங்கக்கிழமை தண்ணி வரும்போது பாருங்க," என்று அவசரமாக நட்டை முடுக்கினான். அவன் தெருமுனை போகும்வரை விசில் சத்தம் கேட்கவில்லை.

மருமகள் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். "நான் வந்த புதுசுல நல்லா வந்துச்சு," என்றாள். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை. "ஒரு வருஷம் நல்லா வந்துச்சு. அப்புறம் துரு பிடிச்சிடுச்சும்மான்னாரு. நானும் துருன்னே நம்பினேன். இவ பொறந்து இருவதாம் நாள் குடத்தத் தூக்கிட்டுத் தெருமுனைக்குப் போனேன்."

"ஊருல பேரு கெடக் கூடாதுன்னு பண்ணிட்டாரு," என்றார் டிரைவர்.

"தெரியுது."

"அடிச்சாங்கல்ல. தலையில மூணு தையல். அவரு நிலைமையில யாரா இருந்தாலும்..."

"தெரியுதுங்க. அப்ப வச்சாரு, சரி. வேலைய விட்டு மூணு வருஷம் ஆச்சே. அப்பவாவது எடுத்திருக்கலாம்ல. இந்தத் தோளக் கண்ணால பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு. மாசம் பொறந்தா தைலம் வாங்கிட்டு வந்து கொடுப்பாரு. தேச்சுக்கம்மா, தேச்சுக்கம்மான்னு."

"எடுத்தா தண்ணி கொட்டும். எப்படி வந்துச்சுன்னு நீ கேட்டிருப்ப. என்ன சொல்லுவாரு?"

அவள் பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பேத்திதான் பேசினாள். "கடைசியில கழட்டணும் கழட்டணும்னாரே. இத எடுக்கத்தாம்மா கேட்டிருக்காரு."

"எடுக்கவோ, ஓட்டையக் குத்திவிடவோ. யாருக்குத் தெரியும்?" என்றாள் தாய். பிறகு, "ஸ்பானர ஒளிச்சு வச்சது நானு," என்றாள்.

அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் யாரும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. டிரைவர் பத்து முறை வெளியே வந்து தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஷிஃப்ட் இல்லாத நாளில் டிப்போவுக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பிவந்தார். மருமகள் என் பதினாறு சட்டைகளையும் முடித்துவிட்டு, இன்னும் கொடுங்கண்ணே என்று கேட்டு வாங்கிப் போனாள். காற்று நிற்கவே இல்லை. பேத்தி மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என் கடைக்கு வந்தாள். எழுதியதைக் கிழித்துவிட்டாள்.

"நான் என்ன மாமா பேசுறது? அப்பா வாயத் திறக்காதங்கிறாரு. செத்தவரு பேரக் கெடுத்து உனக்கு என்ன கிடைக்கப் போகுதுன்னு கேக்குறாரு. சொல்லலன்னா அந்த மளிகைக் கடை மாமா மறுபடி அந்தக் கதையச் சொல்லுவாரு. எல்லாரும் கை தட்டுவாங்க. அம்மா அங்க உக்காந்து அதக் கேக்கணும்."

"அம்மா என்ன சொல்றா?"

"உன் இஷ்டம்ங்கிறாங்க. நாளைக்கு வரவே மாட்டாங்களாம்." நகத்தைக் கடித்துத் துப்பினாள். "எனக்கு அவரு மேல கோவமே வர மாட்டேங்குது மாமா. அதான் எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இன்னும் அவரு காயினத் தள்ளிவிட்டுட்டுச் சிரிக்கிற சிரிப்புதான் ஞாபகம் வருது. அம்மா கஷ்டப்பட்டதப் பாத்து வளர்ந்தவதான நானு. நான் நல்ல பொண்ணா இல்லையான்னே தெரியல."

எனக்கு என்ன சொல்ல வாய் இருக்கிறது. பட்டன் கொடுத்த கை. "பிடிச்சவங்க மேல ரெண்டும் இருக்கும்டி," என்றேன். அது அவளுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறை நிரம்பி வாசல்வரை ஆள் நின்றது. இரும்பு நாற்காலிகள், சுவரில் வால்வு வரைபடம், மேஜைமேல் தாத்தாவின் போட்டோ, பக்கத்தில் அவர் சாவி. யாரோ அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். பன்னும் டீயும் கொடுத்தார்கள். தொட்டிக்குக் கீழே இருக்கிற அறையானதால் வெயில் தெரியவில்லை, தலைக்கு மேலே தண்ணீர் நிரம்புகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. டிரைவர் முன் வரிசையில் கைகளைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் வரவில்லை.

மளிகைக்காரர் நன்றாகத்தான் பேசினார். குற்றம் சொல்ல முடியாது. "என் வீட்டுக் குழாயைப் போய்ப் பாரு" என்ற இடத்தில் தாத்தாவைப்போலவே நெற்றியில் கை வைத்து, குரலை இறக்கிச் சொன்னார். மேட்டுத் தெருக் கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அறையே கை தட்டியது. நான் தட்டவில்லை. அடுத்துப் பேத்தியைக் கூப்பிட்டார்கள்.

அவள் கையில் காகிதம் எதுவும் இல்லை. "எங்க தாத்தா கேரம்ல திருடுவாரு," என்று ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். காயினைத் தள்ளுவது, காற்றின்மேல் பழி போடுவது, கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு ஒழுகுகிற குழாயைத் தேடிப் போவது எல்லாம் சொன்னாள். பிறகு, "இப்ப மாமா சொன்னாருல்ல, எங்க வீட்டுக் குழாய்..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். அவள் அப்பா தலையைத் தூக்கவில்லை. மேலே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் சொல்றேன்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

மருமகள் எப்போது வந்தாளோ, கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். வழி விட்டார்கள். மேஜைக்குப் பக்கத்தில் வந்து, பட்டனைச் சாவிக்கு அருகில் வைத்தாள். பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. என்னிடம் பட்டன் கணக்குச் சொல்கிற குரலில்தான் பேசினாள்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. மளிகைக் கடை அண்ணன் சொன்னது உண்மைதான். எங்க குழாயில தண்ணி வராது. ஆனா துரு இல்ல. இந்தப் பட்டன். மாமாதான் உள்ள வச்சாரு. தலையில அடி வாங்கின நாலாம் நாளோ என்னவோ வச்சிருக்காரு. நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது." யாரோ இருமினார்கள். இருமலை அடக்கிக்கொண்டார்கள். "யாரும் அவரத் திருடன்னு சொல்லக் கூடாதுன்னு வச்சாரு. யாரும் சொல்லவும் இல்ல. அவரு நல்லவரு. நான் அந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து என்ன ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல. நான் சாப்பிட்டேனான்னு கேக்காம அவரு சாப்பிட்டதில்ல. எல்லாம் உண்மை. ஆனா அவரு நல்லவரா இருந்ததுக்கு ஆன தண்ணிய நான்தான் தூக்கினேன். அவரப் பத்திச் சொல்லும்போது இனிமே அதையும் சேத்துச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

பட்டனை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். பேத்தி பின்னாலேயே ஓடினாள். மளிகைக்காரர் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "அந்தக் குடத்த எறிஞ்சது நான்தான்," என்று மைக்கில் இல்லாமல், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னார். பட்டன் கொடுத்தவன் நான் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. பன்னைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை காற்று ஓய்ந்திருந்தது. ஐந்தரைக்கே எழுந்து கடையைத் திறந்துவிட்டேன். அந்நேரத்துக்கு எவன் சட்டை தைக்க வரப் போகிறான். மெஷினுக்கு எண்ணெய் போடுவதுபோல் உட்கார்ந்து நீலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு விசில் தெருமுனையில் சாவியை இறக்கித் திருப்பினான். அவன் திருப்பிவிட்டுக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டதை அன்றுதான் கவனித்தேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்குள் சத்தம் கேட்டது. காலிக் குடத்தில் தண்ணீர் அறைந்து விழுகிற சத்தம். தெருவைத் தாண்டி என் கடைக்குள் கேட்டது. நாற்பது வருஷம் எதிரில் உட்கார்ந்தவனுக்கு அந்த வீட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பேத்தி என்னவோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பாத்திரங்கள் மாற்றி மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

மருமகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். இடுப்பில் குடம் இல்லை. சேலையில் முழங்கால்வரை ஈரம். வாசற்படியில் நின்று தெருமுனைப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தாள்.

"குடம் ஒரு நிமிஷத்துல நிறைஞ்சிடுச்சுண்ணே."

"கேட்டுச்சும்மா."

"டிரம் ரெண்டும் நிறைஞ்சிடுச்சு. வாளி, அண்டா, டீ போடுற சட்டி வரைக்கும் நிறைஞ்சிடுச்சு. குழாய மூடிட்டேன்." என் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி ஆறே கால்தான் ஆகுது."

"உக்காரு."

"ஏழரை வரைக்கும் நான் என்ன பண்றதுண்ணே?"

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் பட்டன் டப்பாவைப் பக்கத்தில் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை உள்ளே போயிற்று. எதையும் எடுக்காமல் அப்படியே இருந்தது.

"கெஞ்சினாருண்ணே," என்றாள். "ஸ்பானரக் கொடும்மான்னு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாரு. நான் கொடுக்கலண்ணே."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தாத்தா செத்து இருபத்தைந்து நாளாக வராத அழுகை, இருபத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து வந்தது. நான் எழுந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். பேத்தி எதிர்வாசலில் வந்து நின்று பார்த்தாள். வரட்டுமா என்று கையால் கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்று தலையை ஆட்டினேன்.

ஏழரைக்கு விசில் வந்து வால்வை மூடுகிறவரைக்கும் மருமகள் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.